கலவானவிலிருந்து குருவிட்ட வரை: கைதி தப்பும் வழியும் காவலர் கற்க வேண்டியதும்

கலவானவில் சிறைச்சாலை இல்லை. பொலிஸ் நிலையம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. சிங்கராஜக் காட்டுக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டங்களும் மாணிக்கக் குழிகளும் சூழ்ந்த இந்தச் சிறிய நகரத்தில் ஒருவர் அனுமதியில்லாத மாணிக்க அகழ்வுக்கோ கசிப்புக்கோ போதைப்பொருளுக்கோ பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீதவான் விளக்கமறியலில் வைக்கச் சொன்னால் அவரைக் கொண்டுபோக வேண்டிய இடம் இரத்தினபுரிக்கும் அப்பால், கொழும்பு வீதியில் உள்ள குருவிட்ட. நிவித்திகல வழியாக வளைந்து இறங்கும் மலைப்பாதை அது. மாரியில் மண்சரிந்தால் பாதை மூடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே பாதையில் திரும்பி வந்து நீதவான் முன் நிற்க வேண்டும். பிணையோ தீர்ப்போ வரும் வரை இந்தப் போக்குவரத்து ஓயாது.

சிறையிலிருந்து தப்புவது என்றதும் சினிமா காட்டிப் பழக்கிய காட்சிகள்தான் நமக்கு நினைவுக்கு வரும்: கரண்டியால் தோண்டிய சுரங்கம், அறுத்த கம்பி, மதிலில் தொங்கும் கயிறு. இலங்கைச் செய்தித்தாள்களைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு வேறு காட்சிகள் பழகியிருக்கும். வைத்தியசாலை விடுதியில் கழிவறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நீதிமன்றக் கூட்டத்தோடு கூட்டமாய் ஒருவர் நடந்து போய்விட்டார். வெளிவேலைக்குக் கூட்டிச்சென்ற குழுவில் மாலை எண்ணும்போது ஒரு தலை குறைகிறது. 2022 மே மாதக் கலவரத்தில், வட்டரெக்க சிறை முகாமிலிருந்து வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பஸ் தாக்கப்பட்டு, 58 கைதிகளைக் காணவில்லை என்று சிறைச்சாலைகள் திணைக்களமே அறிவித்தது. இவற்றில் மதிலுக்கு வேலையே இல்லை. கைதிக்கும் தெருவுக்கும் இடையில் இருந்தது ஒரு மனிதர், அவருடைய கவனம், அவ்வளவுதான்.

சப்ரகமுவவுக்கு இது பழைய கதை. கேகாலைப் பக்கம் உதுவன்கந்தையின் சரதியேல் 1864 மே மாதம் கண்டியில் தூக்கிலிடப்படுவதற்கு முன் காவலிலிருந்து தப்பி நழுவியவர். அவரைப் பிடிக்கப்போய் அதே ஆண்டு மார்ச் 21ஆம் திகதி உயிரிழந்த கான்ஸ்டபிள் சபானின் நினைவாகவே இன்றும் அந்த நாளைப் பொலிஸார் வீரர் தினமாக அனுசரிக்கிறார்கள். ஒரு கைதி நழுவினால் அதன் விலையைக் கட்டுவது பெரும்பாலும் அவரை நழுவவிட்டவர் அல்ல, பிறகு தேடிப் போகிறவர். காவலர் பயிற்சியைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கும் நிதி அதிகாரிகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மதிலையே உடைத்த கதைகளும் உண்டு. அவற்றுள் பெரிய இரண்டு, ஒரே வாரத்தில், உலகின் இரு மூலைகளில் நடந்தன. 1983 செப்டெம்பர் 23இல் மட்டக்களப்புச் சிறையிலிருந்து 41 தமிழ் அரசியல் கைதிகளும் அவர்களோடு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஏனைய கைதிகளும் வெளியேறினார்கள். இரண்டு நாள் கழித்து, செப்டெம்பர் 25இல், வட அயர்லாந்தின் மேஸ் சிறையிலிருந்து 38 ஐ.ஆர்.ஏ. கைதிகள் சாப்பாட்டு லொறியில் ஏறித் தப்பினார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் சிறைக்காவலர் வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டும் வெவ்வேறு பாடம் என்பதே காரணம்.

மேஸ், அன்றைய ஐரோப்பாவின் மிகக் கடுமையான சிறைகளில் ஒன்று. 1981 உண்ணாவிரதப் போராட்டத்துக்குப் பிறகு அங்கிருந்த கைதிகள் திடீரென்று நல்லபிள்ளைகள் ஆனார்கள். முறைத்தவர்கள் சிரித்தார்கள். வேலை செய்ய மறுத்தவர்கள் தாங்களாகவே துப்புரவு வேலையைக் கேட்டு வாங்கினார்கள். விளக்குமாறும் வாளியுமாகக் கட்டடத்தின் எந்த மூலைக்கும் போய்வரும் வசதி அவர்களுக்குக் கிடைத்தது. மாதக்கணக்கில் பழகிய முகத்தைக் காவலர் ஏன் சந்தேகிக்கப் போகிறார்? கடத்திக் கொண்டுவந்த துப்பாக்கிகள் வெளியே எடுக்கப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, அறைக்கதவுகளுக்கு வெளியே நின்றவர்கள் அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களே. பிரித்தானிய அரசு நியமித்த ஹென்னஸி விசாரணை பிறகு பக்கம் பக்கமாக எழுதியது. சாரம் இதுதான்: நடைமுறைகள் காகிதத்தில் ஒழுங்காக இருந்தன, நாளாக ஆகக் காவலர்களின் கையில் அவை தளர்ந்துவிட்டன.

மட்டக்களப்பு அப்படியல்ல. அங்கே இருந்தவர்களில் பலர் இரண்டு மாதம் முன்பு வெலிக்கடைச் சிறையில் உயிரோடு மிஞ்சியவர்கள். 1983 ஜூலை 25இல் 35 பேரும் 27இல் 18 பேருமாக 53 தமிழ்க் கைதிகள் அரசின் காவலில், சக கைதிகளால், காவலர் பார்த்திருக்க அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து பூட்டினார்கள். திரும்பவும் தெற்குக்கு மாற்றினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து இயக்கங்கள் உதவியது உண்மை, அரசியல் நோக்கம் இருந்ததும் உண்மை. ஆனாலும் உள்ளே இருந்தால் செத்துப்போவோம் என்று உறுதியாக நம்பும் மனிதரை எந்தப் பூட்டும் நெடுநாள் தாங்காது. ஒரு கைதியை உயிரோடு வைத்திருப்பது அவரைத் தப்பாமல் வைத்திருப்பதற்கான முதல் வேலை. இதை மனித உரிமைப் பேச்சாக அல்ல, வெறும் பாதுகாப்புக் கணக்காகவே சொல்கிறேன்.

இந்தக் கணக்கைத் திணைக்களம் 2020இலும் போட்டுப் பார்க்கவில்லை. கொரோனா தொடங்கிய மார்ச் மாதம் அநுராதபுரம் சிறையில் பதற்றம் வெடித்து இருவர் இறந்தார்கள். தப்ப முயன்றார்கள் என்று சொல்லப்பட்டது. நவம்பரில் பழைய போகம்பரைச் சிறையில் மதில் ஏறும் முயற்சி. அதே மாதம் 29ஆம் திகதி மஹர சிறையில் 11 பேர் உயிரிழந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மஹரவில் கைதிகள் கேட்டது பரிசோதனை, தொற்றியவர்களைப் பிரித்து வைப்பது. நாலு பேர் படுக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் படுத்திருக்கும்போது பக்கத்தில் இருமுகிறவரைப் பார்த்து வரும் பயத்துக்குத் தடியடி மருந்தல்ல. நாட்டின் சிறைகளில் கொள்ளளவைப் போல இருமடங்குக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி தண்டனை பெற்றவர்கள் அல்ல, கலவானவிலிருந்து வந்தவரைப் போல விளக்கமறியலில் இருப்பவர்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கியதும் நெருக்கடி இன்னும் கூடியது. இத்தகைய நெரிசலில் யார் யாரென்று காவலருக்கு முகம் தெரியாது. முகம் தெரியாதவரைக் கண்காணிக்கவும் முடியாது, தலையை எண்ணலாம், அவ்வளவே.

தலை எண்ணுவது பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. சிறையில் மிக அலுப்பான வேலை அதுதான், உயிர்நாடியும் அதுதான். 2015 ஜூனில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் டேனமோராவில் உள்ள கிளின்டன் சிறையிலிருந்து இரண்டு கொலைக் குற்றவாளிகள் தப்பினார்கள். தையல் பட்டறையில் வேலை பார்த்த பெண் ஊழியர் உறைந்த இறைச்சிக்குள் இரும்பு அறுக்கும் வாள்களை மறைத்து அனுப்பினார். அதை ஒரு காவலர், உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலே, கைதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அறையின் பின்சுவர் இரும்பை அறுக்க அவர்களுக்கு மாதங்கள் பிடித்தன. அத்தனை இரவுகளிலும் காவலர் ரோந்து வந்தார், எண்ணினார், பதிவேட்டில் குறித்தார். விதியின்படி படுத்திருப்பவரின் தோலைக் கண்ணால் பார்த்து, மூச்சு விடுகிறாரா என்று உறுதி செய்ய வேண்டும். போர்வைக்குள் ஏதோ மேடாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். தப்பிய இரவில் அந்த மேடு துணிச்சுருள். மாநிலத்தின் தலைமைப் பரிசோதகர் 2016இல் வெளியிட்ட அறிக்கை அறைச் சோதனையும் இரவு எண்ணிக்கையும் பல ஆண்டுகளாகவே பெயருக்கு நடந்தன என்று காட்டியது.

இங்கிலாந்தின் வைட்மூர் சிறையில் 1994 செப்டெம்பரில் ஆறு பேர் தப்பியபோதும் கிட்டத்தட்ட இதே நோய்தான். உச்சப் பாதுகாப்புப் பிரிவின் காவலர்கள் கைதிகளுக்காகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் நிலைக்கு வந்திருந்தார்கள். மறுத்தால் கைதிகள் முகம் சுளிப்பார்கள், சத்தம் போடுவார்கள், நாள் கெட்டுப்போகும். ஒவ்வொன்றும் சின்ன விட்டுக்கொடுப்பு. இந்தியாவில் 1986 மார்ச்சில் திகார் சிறையின் காவலர்கள் சார்ள்ஸ் சோப்ராஜ் தந்த பிறந்தநாள் இனிப்பைத் தின்று மயங்கி விழுந்தார்கள், அவர் வாசல் வழியாக நடந்துபோனார். வேலூர்க் கோட்டை முகாமிலிருந்து 1995 ஆகஸ்டில் 43 விடுதலைப் புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அத்தனை மண் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்துவிட்டு 'காவலர்கள் கடுமையாக இருக்க வேண்டும், கைதிகளோடு பேசக் கூடாது' என்ற முடிவுக்கு வருவது எளிது. பல அதிகாரிகள் அந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. பேசாத காவலருக்கு ஒன்றும் தெரியாது. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2015இல் வெளியிட்ட கைநூல் ஒன்று இதைத்தான் விரிவாகப் பேசுகிறது: மதில், பூட்டு, கெமரா ஒரு பக்கம். கைதியோடு நாளாந்தம் பழகி, அவருடைய பேச்சிலும் நடையிலும் சாப்பாட்டிலும் தெரியும் மாற்றத்தைக் கவனித்து, அதை மேலே சொல்வது இன்னொரு பக்கம். அதே ஆண்டு ஏற்கப்பட்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 76ஆம் விதி, காவலர் பயிற்சியில் இந்த உறவுவழிப் பாதுகாப்பு இடம்பெற்றாக வேண்டும் என்கிறது. மேஸ் காவலர்கள் பழகியது பிழையல்ல. பழகியதில் கவனித்ததை யாரும் யாரிடமும் கேட்கவில்லை, எழுதிவைக்கவில்லை. நல்லபிள்ளையாக மாறிய கைதி ஏன் மாறினார் என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அடுத்த முறைக் காவலர் அதை வாசித்திருப்பார்.

இனி சப்ரகமுவவுக்கு வருவோம். இங்கே அந்தப் பழக்கத்துக்குக் குறுக்கே நிற்பது மொழி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் தமிழர், பெரும்பாலும் தோட்டத்து மக்கள். சிறைக்காவலர்களில் பெரும்பான்மை சிங்களவர். கலவானப் பக்கத்துத் தோட்டப் பையனுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாகவே வரும். கடைக்காரரோடு பேரம் பேசுவான், பஸ்ஸில் சண்டையும் பிடிப்பான். ஆனால் பயம் வரும்போது மனிதர் தாய்மொழிக்குத்தான் திரும்புகிறார். வீட்டில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று பார்வையாளர் நேரத்தில் கேட்டுவிட்டு வந்து ஒரு மூலையில் குந்தியிருக்கும் பையனிடம் காவலர் 'மொகத மல்லி?' (என்ன தம்பி?) என்று கேட்கிறார். 'ஒண்ணும் இல்ல சேர்' என்று பதில் வருகிறது. அன்றிரவு பக்கத்தில் படுத்தவனிடம் தமிழில் எல்லாவற்றையும் கொட்டுகிறான்: செத்தால் கொள்ளி வைக்கக்கூட விடமாட்டார்கள், வியாழக்கிழமை கோட்டுக்குப் போகும்போது எப்படியாவது போய்விடுவேன் என்று. கம்பிக்கு வெளியே நடந்துபோகும் காவலருக்கு அது வெறும் முணுமுணுப்பு. இது நான் கற்பனையில் வரைந்த சித்திரம்தான். ஆனால் சிறைக்குப் போய்வந்த எந்தத் தோட்டத்துக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள், இதில் என்ன புதுமை என்பார்.

இதற்குச் சட்டத்தில் குறையில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு 1987 முதல் சொல்கிறது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர் ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 7/2007 சொன்னது. நடைமுறையில் அது சம்பள உயர்வுக்காகத் தாண்ட வேண்டிய தேர்வு. மனு எழுதவும் படிவம் நிரப்பவும் படிப்பிக்கிறார்கள். சிறைக்காவலருக்கு வேண்டியது அந்தத் தமிழ் அல்ல. தோட்டத்துத் தமிழில் ஒருவர் கோபமாகப் பேசுகிறாரா, கேலி செய்கிறாரா, விடைபெறுகிறாரா என்று காதால் பிரித்தறியும் தமிழ்.

தோட்டத்து மக்களுக்கும் தப்பியோடலுக்கும் இடையில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி, அவரை மறியலுக்கு அனுப்பலாம். கடனைச் சுமத்திக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. திருடாமல், அடிக்காமல், வேலையை விட்டுப் போனதற்காகவே சிறை பார்த்த பரம்பரை இது. சீருடை எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத காவலர், அந்த மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார். இலங்கைக் காவலர் பயிற்சியில் ஒரு மணிநேரம் இந்த வரலாற்றுக்கு ஒதுக்கினால் வீண்போகாது.

அடுத்த முட்டுக்கட்டை தண்டனை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் கைதியைத் தப்பவிட்ட அரச ஊழியருக்கும் தப்பிய கைதிக்கும் ஒரே உச்சத் தண்டனை இருந்தது: 2 ஆண்டு. அதை அடியொற்றி 1883இல் எழுதப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் தப்பவிடுவதைக் குற்றமாகவே கொள்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தவரைச் சிறையில் போடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் பதினெட்டு மணிநேரம் தொடர்ந்து நின்றவர், வைத்தியசாலைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டார். கண் விழித்துப் பார்த்தால் கைதி கட்டிலில்தான் இருக்கிறார், ஆனால் கைவிலங்கு கழன்றிருக்கிறது. அவர் என்ன செய்வார்? சத்தமில்லாமல் திரும்பப் பூட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த விலங்கு ஏன் கழன்றது, யாரிடம் சாவி இருந்தது என்ற கேள்வி அங்கேயே புதைந்துவிடும். விமானத் துறையில் மயிரிழையில் தவறிய விபத்தைச் சொல்லும் விமானியைத் தண்டிப்பதில்லை. சிறைத்துறையும் அதைக் கற்க வேண்டும். திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிவர நூலில் தப்பியோர், பிடிபட்டோர் என்று அட்டவணை வருகிறது. தப்பாமல் மயிரிழையில் தடுக்கப்பட்டவை எத்தனை, எங்கே, எந்த நேரத்தில் என்பதுதான் பயிற்சிக்கு உண்மையான பாடநூல்.

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 20 சிறைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கை கைதிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. காவலர்களின் ஆட்பற்றாக்குறை, நீண்ட கடமை நேரம், போதாத பயிற்சி ஆகியவையும் அதில் இருக்கின்றன. தூக்கமில்லாதவருக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதில் பயனில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கென்று திணைக்களத்துக்குக் கொழும்பில் தனி நிலையம் உண்டு. சேரும்போது அணிவகுப்பு, ஆயுதம், சட்டம் கற்பிக்கப்படுகின்றன. வேலை பழகி, அலுப்புத் தட்டி, குறுக்குவழிகள் கைவந்த ஐந்தாம் ஆறாம் வருடத்தில்தான் மறுபயிற்சி அதிகம் தேவை. டேனமோராவில் துணிச்சுருளை மனிதர் என்று எண்ணியவர்கள் புதியவர்கள் அல்ல.

காகிதத்தையும் கவனிக்கப் பழக்க வேண்டும். 2025 வெசாக் பொதுமன்னிப்பில், ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் பெயரே இல்லாத கைதி ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து விடுதலையானார். விவகாரம் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்தின் கைது வரை போனது. அங்கே மதிலும் தாண்டப்படவில்லை, கைவிலங்கும் உடையவில்லை. அதே ஆண்டு பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி உடையில் வந்தவர், குடைந்த புத்தகத்தில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால், பூஸ்ஸ சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட கைதி கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். உள்ளே வருவதைத் தடுக்க முடியாத இடத்தில் வெளியே போவதையும் தடுக்க முடியாது. கறுப்புக் கோட்டைக் கண்டால் சோதிக்கத் தயங்கும் பழக்கம் கொழும்பில் இருக்குமென்றால் கலவானவில் எவ்வளவு இருக்கும்!

பயத்தில் எல்லை மீறுவதும் பயிற்சியின்மையின் இன்னொரு முகம். பலமுறை தப்பிப் பேர்போன மரு சிராவை 1975இல் போகம்பரையில் தூக்கிலிட்டபோது அவர் நினைவிழந்து கிடந்தார், ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் தூக்குமேடைக்குக் கொண்டுவந்தார்கள். அளவுக்கு மீறி மயக்கமருந்து கொடுக்கப்பட்டிருந்தது. தப்பிவிடுவாரோ என்ற அச்சமே அதற்குப் பின்னால் இருந்ததாகப் பேசப்பட்டது. கொண்டுசெல்லும் வழியில் தப்பாதிருக்க விலங்கிடலாம், நீதவான் முன் நிற்கும்போது அதைக் கழற்ற வேண்டும் என்று மண்டேலா விதி 47 அளவு சொல்கிறது. எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்ற அளவு தெரியாதவர் இரண்டு இடத்திலும் தவறுவார்.

கொரோனா காலத்தில் விளக்கமறியல் நீடிப்பைக் காணொளி வழியாகச் செய்யும் பழக்கம் இலங்கையிலும் வந்தது. கலவானவுக்கும் குருவிட்டவுக்கும் அதை நிரந்தரமாக்கினால் அந்த மலைப்பாதைப் பயணமும் அதிலுள்ள ஆபத்தும் பெரும்பாலும் நின்றுவிடும் என்று சொல்லலாம். பாதுகாப்புக் கணக்கில் அது சரி. ஆனால் தோட்டத்துத் தாய் ஒருத்தி மகனைப் பார்ப்பது கலவான நீதிமன்ற வாசலில்தான். குருவிட்டவுக்குப் போய்வர பஸ் காசு போதாது, அன்றைய நாட்சம்பளத்துக்குப் பேரும் விழாது. நீதிமன்றப் பயணத்தை வெட்டினால் அந்த இரண்டு நிமிடப் பார்வையும் போய்விடும். அதன்பின் வீட்டுச் செய்தியை அவனுக்குச் சொல்லவும், கேட்டபின் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவும் குருவிட்டவில் மிஞ்சப்போவது காவலர் மட்டுமே. காணொளிக் கருவிக்குக் காசு ஒதுக்கும் அதே கோப்பில் அவருடைய தமிழ் வகுப்புக்கும் ஒதுக்கீடு கேட்க வேண்டும்.